பழைய பெட்டிக்கு ஒரு வக்காலத்து

2025ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு வழக்கமாக அனுப்பி வந்த பாதுகாப்புத் திருத்தங்களை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது முதலாக, தேனாம்பேட்டையில் எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய சந்துகளில் ஒற்றைக் கணினியை வைத்துக்கொண்டு ஜீவனம் நடத்துகிற சிறு தொழில்காரர்கள் எல்லோருக்கும் ஒரே விதமான உபதேசம் நாலா பக்கமிருந்தும் வந்துகொண்டிருக்கிறது. ரிச்சி தெரு விற்பனையாளர் சொல்கிறார். பழுது பார்க்க வரும் இளைஞர் சொல்கிறார். அமெரிக்காவிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மாப்பிள்ளையும் சொல்கிறார். பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதியதை வாங்கிவிட வேண்டும். பழைய மென்பொருளெல்லாம் அதில் தானாகவே ஓடும். ஒருவேளை ஏதாவது ஓடாமற்போனால், ஓடாதது எதுவோ அது காலாவதியான சரக்கு, அதற்காக வருந்துவது பத்தாம்பசலித்தனம் என்பதே அந்த உபதேசத்தின் சாரம். மூன்று பேரும் மூன்று தொழிலைச் சேர்ந்தவர்களாயிருந்தும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் அபிப்பிராய பேதமே இல்லாதிருப்பது ஆச்சரியந்தான். ஆனால் அவர்களில் ஒருவருக்கும் அந்தப் பெட்டியின் முன் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை என்பதை நினைத்துப் பார்த்தால் அந்த ஆச்சரியம் தீர்ந்துவிடும்.

இந்தச் சித்தாந்தம் அடியோடு தவறு என்பது என் கட்சி. புதிய யந்திரங்களிடம் எனக்கு விரோதம் கிடையாது. நானும் சென்ற வருஷம் ஒன்று வாங்கினேன். பழையது எழுந்து உட்காருவதற்குள் ஒரு தம்ளர் காப்பியைக் குடித்து முடித்துவிடலாம் என்றிருந்த நிலை போய், இப்பொழுது நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வதற்குள் திரை வெளிச்சமாகிவிடுகிறது. சுழலும் தட்டு போய் எஸ்.எஸ்.டி. வந்ததன் பலன் அது. அதை மறுக்கிறவன் மூடன். என் ஆட்சேபமெல்லாம் வரிசையைப் பற்றியது. எந்த வேலையைச் செய்ய வேண்டும், அந்த வேலைக்கு எந்த மென்பொருள் வேண்டும், அந்த மென்பொருள் எந்த யந்திரத்தில் ஓடும் என்ற கிரமத்தில் யோசிக்க வேண்டிய ஒரு விவகாரத்தைத் தலைகீழாக்கி, முதலில் யந்திரத்தை வாங்கி நடுவீட்டில் உட்கார்த்திவிட்டு மற்றவை யாவும் அதற்கு அடங்கி நடக்க வேண்டும் என்கிறார்கள் என்பதும், அந்த முறைக்கு முன்னேற்றம் என்று பெயர் சூட்டி, அதனால் நஷ்டப்பட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள் என்பதுமே என் மனக்குறை.

வாங்குவதற்கு முன்னால் பொருத்தம் பார்க்க வேண்டாமா என்று நான் ஒரு கடையில் கேட்டபோது, "என்ன சார், கல்யாணத்துக்கு ஜாதகமா பார்க்கிறீங்க?" என்று அங்கிருந்தவர் சிரித்தார். சிரிக்கட்டும். ஜாதகம் பார்க்கிறவர்கள்கூட இரண்டு ஜாதகங்களையும் கேட்டு வாங்கி அருகருகே வைத்துக்கொண்டுதான் பார்க்கிறார்கள். கணினிக் கடையிலோ இத்தனை கோர், இத்தனை ஜிபி, இத்தனை அங்குலத் திரை என்று மாப்பிள்ளையின் ஜாதகம் மட்டும் பளபளவென்று அச்சிட்டுத் தொங்கவிடப்பட்டிருக்கிறது. பெண் வீட்டில் என்ன இருக்கிறது, பதினைந்து இருபது வருஷமாக அங்கே என்ன நடந்து வந்திருக்கிறது என்று எவரும் விசாரிப்பதில்லை.

விசாரிக்காமற்போனால் என்ன நேரும் என்பதற்கு நான் கண்ணாரக் கண்ட திருஷ்டாந்தம் ஒன்று உண்டு. என் சிநேகிதர் ஒருவர் ஆலையம்மன் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, மாடிப்படிக்குக் கீழே இருக்கும் ஓர் அறையில் டி.டி.பி. வேலை செய்து வருகிறார். கல்யாணப் பத்திரிகை, கோயில் தல வரலாறு, கல்லூரி ஆண்டு மலர், கருமாதிப் பத்திரிகை என்று ஒரு பேட்டையின் சுகதுக்கங்கள் எல்லாம் இருபது வருஷமாக அவர் கைவழியாகவே அச்சுக்குப் போயிருக்கின்றன. அவருடைய பழைய பெட்டி முக்கி முனகினாலும் வேலையைச் செய்துகொண்டுதான் இருந்தது. எல்லோரும் சொல்கிறார்களே என்று ஒரு வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பார்த்துப் புதிய டெஸ்க்டாப் வாங்கினார். வந்து மாட்டிக் கொடுத்த இளைஞர் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த கோப்புகளையெல்லாம் மிகுந்த சிரத்தையோடு புதியதில் பிரதி செய்துவிட்டு, "டேட்டா எல்லாம் வந்துடுச்சு சார், ஒண்ணும் போகல" என்று உறுதி சொன்னார். அவர் சொன்னதில் பொய் கிடையாது. சனிக்கிழமை காலையில் காயலான் கடைக்காரர் வந்து பழைய பெட்டியை எடைக்கு எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமையன்று கோயில் மலர் ஒன்றைத் திறந்தபோது, முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரையில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அடைப்புக்குறிகளுமாகச் சிதறிக் கிடந்தன. எழுத்துருக்களை நிறுவப் போனாலோ, அவற்றோடு வந்த தமிழ் மென்பொருள், தன்னை விலை கொடுத்து வாங்கியவர்தான் உபயோகிக்கிறாரா என்று சோதிப்பதற்காகப் பிரிண்டர் போர்ட்டில் மாட்டப்படும் ஒரு பூட்டைக் கேட்டது. புதிய பெட்டியில் அந்தப் போர்ட்டே இல்லை. இருந்திருந்தாலும் பிரயோஜனமில்லை, பூட்டு பழைய பெட்டியின் முதுகிலேயே தொங்கிக்கொண்டு எடைக்குப் போய்விட்டிருந்தது.

ஐப்பசி முகூர்த்தப் பத்திரிகைகள் கையிலிருந்த அந்த வேளையில் பதினைந்து நாள் கடை படுத்துவிட்டது. இளைஞரைக் கூப்பிட்டுக் கேட்டதற்கு, "அதெல்லாம் ஓல்டு சார், யூனிகோடுக்கு மாறிக்கோங்க" என்றார். நஷ்டம் ஒருவருக்கு, தீர்ப்பு இன்னொருவருக்கு! இந்தத் தீர்ப்பைத்தான் நான் அப்பீல் செய்கிறேன்.

"தானாகவே ஓடும்" என்ற வாக்கியத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். 1990களில் நம் கடைகளிலும் சிறு ஆலைகளிலும் கணக்கெழுதப் பயன்பட்ட டாஸ் காலத்து நிரல்களும், விண்டோஸ் 3.1 காலத்து நிரல்களும் 16 பிட் அமைப்பில் எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸ் எதுவும் அவற்றை ஓட்டுவதில்லை. 32 பிட் விண்டோஸ் 10 வரையில் அவற்றுக்கென்று ஒரு திண்ணை ஒதுக்கப்பட்டிருந்தது. 2021ஆம் ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 11 64 பிட்டாக மட்டுமே வெளியானதால் அந்தத் திண்ணையும் இடிக்கப்பட்டுவிட்டது. இதைவிட வேடிக்கை ஒன்றுண்டு. மென்பொருள் 32 பிட்டாயிருந்து, புதிய யந்திரத்தில் தாராளமாக ஓடக்கூடியதாகவும் இருந்து, அதை நிறுவுகிற சிறு நிரல் மட்டும் 16 பிட்டாக அமைந்துவிட்டால், வீட்டுக்குள் எல்லோரோடும் சுமுகமாகப் புழங்கக்கூடிய விருந்தாளி வாசற்படி தாண்ட முடியாமல் தெருவிலேயே நிற்பது போல ஆகிவிடும். பிரிண்டர், ஸ்கேனர், நான் சொன்ன பூட்டு முதலியவற்றோடு பேசுவதற்கான டிரைவர் விஷயமோ இன்னும் கறாரானது. 64 பிட் விண்டோஸ் 64 பிட் டிரைவரைத்தான் உள்ளே விடும். அதிலும் டிஜிட்டல் கையொப்பம் இருக்க வேண்டும். செய்த கம்பெனி மூடப்பட்டிருந்தாலோ, விற்றுத் தீர்ந்த பழைய மாடலுக்குப் புதிய டிரைவர் எழுதுவதில் லாபமென்ன என்று அது கருதினாலோ, ஒரு கீறலும் விழாத நல்ல ஸ்கேனர் மேஜைமேல் வெறும் பாரமாகிவிடும். இவையெல்லாம் எங்கோ ஒளித்து வைக்கப்பட்ட ரகசியங்களா? கேட்டால் எந்த விற்பனையாளரும் சொல்லக்கூடியவைதான். கேட்கக் கூடாதென்பதே உபதேசம்.

இனி "காலாவதி" என்ற சொல்லைப் பார்ப்போம். மருந்துக் குப்பியில் காலாவதித் தேதி போட்டால், உள்ளிருக்கும் மருந்து கெட்டுவிடும் என்று பொருள். கணினியில் கெட்டது என்ன? 2016இல் வாங்கிய, இன்டெலின் ஆறாம் தலைமுறைச் செயலியும் 8 ஜிபி நினைவகமும் உள்ள பெட்டி இன்றைக்கும் ஓர் அலுவலகத்தின் கடிதங்களையும் கணக்குகளையும் அலட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளும். அதை விண்டோஸ் 11 நிராகரிக்கிறது. எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும் என்பது அதன் விதி. அதே விதிப்புத்தகத்தில் நினைவகம் 4 ஜிபி போதும் என்றும் எழுதியிருக்கிறது. ஆகவே பலம் போதாமையால் அந்தப் பெட்டி தள்ளப்படவில்லை; ஓர் அடையாளச் சீட்டு இல்லாமையால் தள்ளப்படுகிறது. அந்தச் சில்லினால் பாதுகாப்பில் லாபமுண்டு என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விண்டோஸ் 10க்குத் திருத்தம் எழுதுவது இனி இயலாத காரியம் என்ற பாவனையை ஒப்புக்கொள்ள மாட்டேன். ஏனெனில் மேற்கொண்டு ஓராண்டுக்கு அதே திருத்தங்களை வீட்டு உபயோகக்காரர்களுக்கு 30 டாலருக்கோ, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டால் இலவசமாகவோ கொடுக்க அந்த நிறுவனமே முன்வந்தது. காசு கொடுத்தால் நீளுகிற ஆயுளுக்குக் காலாவதி என்று பெயர் வைப்பது பாஷையின் துஷ்பிரயோகம்.

ஆனால் இந்த வழக்கின் இருதயம் யந்திரத்தில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. தமிழில் தொழில் செய்கிறவனுக்கும் ஆங்கிலத்தில் தொழில் செய்கிறவனுக்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசத்தை நமக்கு உபதேசம் செய்கிறவர்கள் உணர்ந்ததாகவே தெரியவில்லை. 1990களிலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும் தமிழ் எழுத்துரு என்று விற்கப்பட்டவை, கணினியைப் பொறுத்த வரையில், தமிழே அல்ல. அன்றைய கணினிக்குத் தெரிந்திருந்தவை ஆங்கில எழுத்துகளுக்கு உரிய எண்கள். அந்த எண்களுக்குரிய இடங்களில் ஆங்கில வடிவங்களை அழித்துவிட்டுத் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தார்கள். இலங்கையிலும் தமிழ்நாட்டிலும் பெருவழக்காயிருந்த பாமினி எழுத்துருவில் "தமிழ்" என்ற சொல் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகவே சேமிக்கப்பட்டிருக்கிறது. பாமினி உடன் இருக்கும் வரையில் அது தமிழாகக் காட்சி தரும். அது இல்லாத யந்திரத்தில் வேஷம் கலைந்துவிடும். என் சிநேகிதரின் கோயில் மலருக்கு நேர்ந்ததும் இதுவே. இளைஞர் பிரதி செய்தது வேஷமில்லாத நடிகரை.

ஒவ்வொரு கம்பெனியும் தனக்கென்று ஓர் இட ஒதுக்கீட்டைச் செய்துகொண்டதால், எழுத்துரு மாறினால் தமிழே மாறிவிடும் என்ற விபரீதம் நெடுங்காலம் நீடித்தது. இதைத் தீர்க்க 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்நெட் 99 மாநாட்டின் பயனாக, தமிழ் மட்டும் உள்ளதற்கு டாம், ஆங்கிலமும் கலந்ததற்கு டாப் என்று இரண்டு குறியீடுகள் தரமாக ஏற்கப்பட்டன. இணையத்தில் எழுதிய தமிழர்கள் தங்களுக்குள் வகுத்துக்கொண்ட டிஸ்கி தனியே நடமாடியது. அரசு அலுவலகங்களிலோ வானவில் பல காலம் கோலோச்சியது. பின்னர் 2010இல், கோவையில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்த சமயத்தில், எல்லா மொழிகளுக்கும் பொதுக் குறியீடான யூனிகோடையும் டேஸ் 16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்துத் தமிழக அரசு ஆணை பிறப்பித்தது. இந்த வரலாற்றிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக் காட்ட விரும்புகிறேன். 1999இல் அரசு சொன்ன தரத்தை அட்சரம் பிசகாமல் கைக்கொண்ட ஒரு சமர்த்தர் இருந்திருந்தால், பதினோரு வருஷத்தில் அவரும் தரம் கெட்டவராகிவிட்டார். பழையதைப் பிடித்துக்கொண்டு தொங்கியவனுக்குத்தான் கஷ்டம் வரும் என்பவர்கள், சொன்னபடி கேட்டு நடந்தவனுக்கும் அதே கஷ்டம் வந்ததற்கு என்ன சமாதானம் சொல்வார்கள்? அன்று பிறந்தவற்றில் தமிழ்99 விசைப்பலகை மட்டும் இன்றும் சுகமாக வாழ்கிறது. விரல்களின் பழக்கத்துக்கு ஏற்றபடி பின்னால் வந்த யூனிகோடு மென்பொருள்கள் தங்களை அமைத்துக்கொண்டதே அதற்குக் காரணம். இந்தச் சிறு விஷயத்தை வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்குத் திரும்ப வருவேன்.

அச்சுத் தொழில்காரர்கள் பிடிவாதக்காரர்கள், பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளை விடமாட்டேன் என்று கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்ற ஏளனமும் அடிக்கடி காதில் விழுகிறது. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7தான் அதன் கடைசிப் பதிப்பு. யூனிகோடு என்றால் என்னவென்று அது அறியாது. உண்மைதான். ஆனால் அதைக் கைவிட்டு எங்கே போயிருக்க வேண்டும்? விண்டோஸ் 2000த்திலேயே லதா எழுத்துருவின் வாயிலாக யூனிகோடு தமிழ் வந்துவிட்டது என்பார்கள். கடிதம் எழுத வந்தது. புத்தகம் கோக்க வரவில்லை. கொம்பும் காலும் புள்ளியும் தத்தம் இடத்தில் உட்காரும்படி தமிழ் யூனிகோடைப் பக்கமாக அமைக்கும் வசதி இன்டிசைனில் முறைப்படி வந்து சேர 2012 வரையில் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்துப் பன்னிரண்டு வருஷம் தமிழ்ப் புத்தகங்கள் வெளிவராமலா இருந்தன? எந்தக் கருவியால் முடிந்ததோ அந்தக் கருவியால் வேலை செய்தவனைப் பிடிவாதக்காரன் என்பது, பாலம் கட்டாத ஆற்றைப் பரிசலில் கடந்தவனைப் பிற்போக்குவாதி என்பதற்குச் சமம். அப்படிச் செய்த புத்தகங்களின் மூலக் கோப்புகளைப் பிற்கால இன்டிசைன் பதிப்புகள் திறக்க மறுக்கின்றன. அக்காலத்தில் பெருவழக்காயிருந்த டைப் 1 எழுத்துருக்களுக்கு அடோபி தன் மென்பொருள்களில் அளித்து வந்த ஆதரவையும் 2023 ஜனவரியோடு முடித்துவிட்டது.

"யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளலாமே, அதற்குக் கருவி இருக்கிறதே" என்பது எதிர்க்கட்சியின் மிகப் பலமான வாதம். அதற்கு நான் மரியாதையோடு பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். கருவி இருக்கிறது; இந்தச் சென்னையிலிருந்தே நியூ ஹொரைசன் மீடியா நிறுவனத்தார் என்.எச்.எம். கன்வெர்ட்டர் என்ற அருமையான கருவியை இலவசமாகவே கொடுத்தார்கள். பாமினி, டாப், டாம், டிஸ்கி, வானவில் எதுவானாலும் ஒரு நொடியில் யூனிகோடாக்கிக் கொடுக்கும். அதைச் செய்தவர்களுக்குத் தமிழ் உலகம் பட்டிருக்கும் கடன் பெரிது. ஆயினும் மாற்றுவது வேறு, மாற்றியதைச் சரிபார்ப்பது வேறு. பாமினியில் அடித்த பக்கத்தின் நடுவே ஓர் ஆங்கிலச் சொல் இருந்தால், வெறும் எழுத்தாக ஒட்டப்பட்ட பின் எது ஆங்கிலம், எது ஆங்கில வேஷம் போட்ட தமிழ் என்று கருவிக்குத் தெரிய வழியில்லை; "ஜோக்" என்ற ஆங்கிலச் சொல் "தழமந" என்று மாறி நிற்கும். நகைச்சுவைக்கு இப்படியும் ஒரு கதி உண்டென்று நான் நினைத்ததில்லை. இன்னொரு சங்கடம் மிக நுட்பமானது. கால் போட வேண்டிய இடத்தில் அவசரத்தில் ரகரத்தையும், ஔகாரத்துக்குப் பதிலாக ஒகரத்தையும் ளகரத்தையும் அடித்துவிட்டுப் போன தட்டச்சர்கள் ஏராளம். தாளில் இரண்டும் ஒன்றாகவே தெரிவதால் அன்றைய பிழைதிருத்துநர் கண்ணுக்கு அகப்படவில்லை. மாற்றும்போது அந்தப் பிழைகள் எல்லாம் உள்ளபடியே மாறி, தேடினால் அகப்படாத சொற்களாக உட்கார்ந்துவிடுகின்றன. முந்நூறு பக்கப் புத்தகம் ஒன்றை மாற்றுவது ஒரு நொடி. திரும்பப் படித்துத் திருத்திப் பக்கம் கோப்பது ஒரு மாதம். அந்த ஒரு மாதக் கூலி புதிய கணினியின் விலைப்பட்டியலில் எங்கே எழுதப்பட்டிருக்கிறது?

தமிழ் அச்சுலகம் இதற்கு முன் மாறுதலைக் காணாததல்ல. 1978இல் தமிழக அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணையிட்டபோது, யானைத் தும்பிக்கை போல வளைந்து நின்ற லையும் ணையும் விடைபெற்றன. அச்சகங்கள் ஈய எழுத்துகளைப் புதிதாக வார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சிரமந்தான். ஆனால் அதற்கு முந்தைய வருஷம் அச்சான புத்தகம் ஒன்றாவது மூடிக்கொண்டு திறக்க மறுத்ததா? நான் படித்த பாடப்புத்தகங்களில் பாதி தும்பிக்கை வைத்தவை. என் பேத்தி அவற்றைச் சற்றே திக்கித்திக்கியேனும் படித்துவிடுகிறாள். 1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கத்தின் பதினாறு பக்கங்களையும், பயிற்சி இருந்தால், இன்றும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். நானூற்று நாற்பது ஆண்டு தாண்டிய காகிதம் வாய் திறந்து பேசுகிறது. 1998இல் எழுதிய பிளாப்பி ஊமையாகிவிட்டது. இதைப் பார்த்துவிட்டு, குறை பிளாப்பியை வைத்திருந்தவனிடம் என்று சொல்வதற்கு ஒரு தனித் துணிச்சல் வேண்டும்.

பாதுகாப்பு ஆட்சேபத்தை நான் தட்டிக் கழிக்கவில்லை. திருத்தங்கள் நின்றுபோன கணினியை இணையத்தோடு பிணைத்து வைத்துக்கொண்டு, அதில் வங்கிக் கணக்கைத் திறப்பதும் வந்த இணைப்பையெல்லாம் சொடுக்குவதும் தெருக்கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதற்கு நிகர். அதைச் செய்யாதே என்பவர்கள் நல்லதையே சொல்கிறார்கள். ஆனால் தெருக்கதவைச் சாத்தச் சொல்கிறவன் வீட்டையே இடிக்கச் சொல்லலாமா? இணைய வயரைப் பிடுங்கிவிட்டால் அந்தப் பழைய பெட்டி பத்திரமான ஒரு தட்டச்சு யந்திரம். பென் டிரைவில் போக்குவரத்து வைத்துக்கொண்டு, அதையும் புதிய பெட்டியில் சோதித்துவிட்டுச் செருகினால் போதும். லினக்ஸ் அன்பர்களும் இதே இடத்தில் ஒரு யோசனை சொல்வார்கள். நம் தேனாம்பேட்டைக்குப் பக்கத்து நந்தனத்தில் இருக்கும் எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராயிருந்த காலத்தில், தன் அலுவலகக் கணினிகளையே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது; சென்னை சிடாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் மாணவர்களின் விலையில்லா மடிக்கணினிகளிலும் இடம் பெற்றது. பழைய பெட்டிக்கு அது உயிர் கொடுக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சோதித்துப் பார்க்க ஆளும் அவகாசமும் உள்ள ஒரு நிறுவனத்துக்கு இயன்றது, மாடிப்படிக்குக் கீழே தனியாளாக உட்கார்ந்திருப்பவருக்கு அதே சுலபத்தில் இயலாது. பேஜ்மேக்கரும் டேலி என்ற கணக்கு மென்பொருளும் அங்கே நேராக ஓடுவதில்லை. விண்டோஸ்காரர் "பழையதைத் தூக்கிப் போடு" என்கிறார். லினக்ஸ்காரர் "விண்டோஸையே தூக்கிப் போடு" என்கிறார். தூக்கிப் போடச் சொல்வதில் இருவரும் ஒன்றுதான்.

எங்கள் பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரையில் அண்ணா சாலையின் மேலே உயர்மட்டச் சாலை ஒன்றை எழுப்புகிறார்கள். அந்தச் சாலைக்கு அடியில் மெட்ரோ ரயில் சுரங்கம் ஓடுகிறது. மேலே கட்ட வந்த பொறியாளர்கள், புதிய பாலம் வருவதால் பழைய சுரங்கத்தைத் தூர்த்துவிடுங்கள் என்று சொன்னார்களா? சுரங்கத்துக்குப் பாரமோ பங்கமோ நேராதபடி அஸ்திவாரத்தை எங்கே, எவ்வளவு ஆழத்தில் போடலாம் என்று கணக்குப் பார்த்தல்லவா கட்டுகிறார்கள்? பின்னால் வருகிறது எதுவோ அதுதான் முன்னால் இருப்பதை அனுசரித்து அமைய வேண்டும் என்பது கட்டடக் கலையில் விவாதத்துக்கே இடமில்லாத நியாயம். தமிழ்99 விசைப்பலகை பிழைத்ததும் இந்த நியாயம் அங்கே கடைப்பிடிக்கப்பட்டதால்தான். கணினி வியாபாரத்தில் மட்டும் பொருத்தத்தின் பொறுப்பு, எதையும் கேட்காமல் தன் மூலையில் வேலை செய்துகொண்டிருந்தவன் தலையில் சுமத்தப்படுவதற்கு நான் இதுவரையில் ஒரு நியாயமும் கேட்டறியேன். 2022இல் மட்டும் உலகம் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவைக் குவித்தது என்றும், அதில் முறைப்படி சேகரிக்கப்பட்டது நான்கில் ஒரு பங்குகூட இல்லை என்றும் ஐக்கிய நாடுகள் அமைப்பின் அறிக்கை கூறுகிறது. அந்தக் குவியலில் ஓடிக்கொண்டிருந்த பெட்டிகள் எத்தனை என்று எவரும் எண்ணவில்லை.

ஆகவே புதிய கணினி வாங்கப் போகிறவர்களுக்கு என் சொல் இது. குடம் வாங்கினால் தட்டிப் பார்த்தும், தண்ணீர் ஊற்றிப் பார்த்தும் வாங்குகிற நாம், இதைத் திறந்து பாராமல் வாங்குவானேன்? எந்தெந்த மென்பொருள், எந்தப் பதிப்பு, அதைத் திறப்பது உரிம எண்ணா பூட்டா, எந்த எழுத்துரு, எந்தப் பிரிண்டர் என்று ஒரு காகிதத்தில் எழுதிக்கொண்டு, உங்கள் சொந்தக் கோப்புகளில் மிகவும் தொல்லை பிடித்த ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துப் போய், பணம் கொடுக்கும் முன் அந்தக் கடையின் யந்திரத்தில் திறந்து அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள்; முடியாதென்றால் எழுந்து வந்துவிடுங்கள், ரிச்சி தெருவில் கடைகளுக்கா பஞ்சம்? பழைய கோப்புகள் ஒவ்வொன்றையும் பழைய பெட்டியிலேயே, எழுத்துரு உள்ளடங்கியிருக்கும்படி பி.டி.எஃப். ஆக்கி வைத்துக்கொள்ளுங்கள், வேஷத்தோடு கூடிய நடிகராக அது எங்கும் நிற்கும். விவரம் தெரிந்தவர் கிடைத்தால், பழைய ஹார்ட் டிஸ்க்கை அப்படியே வர்ச்சுவல் மெஷினாகப் புதிய பெட்டிக்குள் குடியேற்றித் தரச் சொல்லலாம்.

என் சிநேகிதர் இப்போது ரிச்சி தெருவில் பழைய சாமான் விற்கும் ஒருவரிடமிருந்து, பிரிண்டர் போர்ட் உள்ள ஒரு கிழட்டுப் பெட்டியை விலைக்கு வாங்கி வந்திருக்கிறார். மென்பொருள்காரரிடம் மாற்றுப் பூட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருக்கிறார். அவர் அனுபவம் மற்றவர்களுக்கும் வர வேண்டியதில்லை. பழைய பெட்டியைக் காயலான் கடைக்குப் போட நாள் குறித்திருப்பவர்கள் தயவுசெய்து அந்த நாளை ஒரு மாதம் தள்ளிப் போடுங்கள்; அந்த ஒரு மாதமும் இரண்டு பெட்டிகளும் ஒரே மேஜையில் இருக்கட்டும்; போடுவதென்றே முடிவானாலும், அதன் முதுகில் ஏதாவது தொங்குகிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுப் போடுங்கள்.